நிலக்கடலைக் கொல்லைக்கு வாங்கிய பூட்ஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில், கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த எங்கள் நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றன. லைசென்ஸ் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போன நான், இறுக்கமான பூட்ஸால் குதிகால் புண்ணாகி வெறுங்கையோடு திரும்பினேன். புண் ஆறியதும் வேறு பூட்ஸ் வாங்க மனைவியும் என்னோடு திருவண்ணாமலைக்கு வந்தாள். வேட்டையில் நடந்து வீங்கும் காலுக்கும் பொருந்த வேண்டுமென்று, மாட வீதிகளில் என்னை நன்றாக நடக்கவிட்டு, கால் சற்று வீங்கிய பிறகே கடைக்கு அழைத்துப்போனாள்.

முதல் ஜோடியை மாட்டியதும், "சரியா இருக்கு" என்றேன்.

"நின்னா சரியாத்தான் இருக்கும். புதர்ல உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்றாள்.

கடைக்காரர் முன்னால் கூச்சத்தோடு குந்தினேன். விரல்கள் நசுங்கின. அடுத்த ஜோடி தொளதொளவென்று குதிகாலில் நழுவியது. கடைக்காரர் சலிக்காமல், கனத்த சாக்ஸோடு இன்னொரு ஜோடி கொடுத்தார். குந்தினேன், எழுந்தேன், வாசல்வரை நடந்தேன். எங்கும் உறுத்தவில்லை.

"இதோடயே ஊருக்கு நடந்துடலாம் போலருக்கு."

"அப்ப இதையே வாங்கிக்கலாம்" என்று சிரித்தாள்.

அந்த வாரமே ஓர் இரவு முட்புதர்களுக்குள் அலைந்து ஒரு பன்றியைச் சுட்டேன். மற்றவை மலைப்பக்கம் ஓடின. விடிந்ததும் வீட்டுக்குப் போனேன். அவள் பன்றியைப் பற்றிக் கேட்கவில்லை.

"காலைக் காட்டுங்க" என்றாள்.

ஒரு கொப்புளம்கூட இல்லை. இந்த முறை கடலை வீடு வந்து சேரும் என்று இருவருக்குமே நம்பிக்கை வந்தது.