மணப்பெண்ணுக்கு அறை இல்லாத மண்டபம்

கொட்டாரப்பாடத்தில் இரண்டு தேவஸிகள் உண்டு. ஒருவர் மீன்காரத் தேவஸி, மற்றவர் 'பாத்துக்கலாம்' தேவஸி. இரண்டாமவர் கட்டட கான்ட்ராக்டர். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருகிற வார்த்தை அதுதான் என்பதால் ஊர் வைத்த பெயர். ஒருமுறை அவர், "இந்தப் பேரை விட்டுடுங்கப்பா" என்று கெஞ்சிப் பார்த்தார். "பாத்துக்கலாம் சேட்டா" என்றார்கள்.

பங்குக் கோயிலுக்குக் கல்யாண மண்டபம் கட்டுகிற வேலை அவர் தலையில் விழுந்ததும் ஊருக்கே கொண்டாட்டம். நடுத்தரமான மண்டபம்தான், ஒரு மேடை, ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு சமையல்கட்டு. வரைபடத்தைப் பார்த்துப் பங்குப் பேரவை தலையாட்டியது. அதோடு அது ஓய்ந்திருந்தால் தேவஸிக்கு இத்தனை முடி கொட்டியிருக்காது.

கோயில் நிர்வாகி பொறிஞ்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவஸியின் தோளில் கை போட்டார். "தேவஸியே, மேடை கிழக்கே பாத்து இருந்தா ஒரு ஐஸ்வர்யம் இல்லையா?" பாத்துக்கலாம். மேடை திரும்பியது. அடுத்த வாரம் பாட்டுக் குழுவினர் வந்து, கிழக்கே பார்த்தால் கண்ணில் வெயிலடிக்கிறது என்றார்கள். மேடை மறுபடி திரும்பியது. இளைஞர்கள் உள்ளே பூப்பந்து ஆட வேண்டும் என்றார்கள், கூரை உயர்ந்தது. சமையல்காரர் அந்தோணி மீன் கழுவத் தனித் தொட்டி கேட்டார், பிறகு அந்தத் தொட்டிக்கு ஒரு கூரை கேட்டார். கேட்டவர்கள் எல்லாரும், "சின்ன மாத்தம்தான் சேட்டா" என்றுதான் ஆரம்பித்தார்கள். போன வருஷக் கோயில் பெருநாளுக்குத் திறக்க வேண்டிய மண்டபம், இந்த வருஷப் பெருநாளில் வெடி வெடிக்கிறவர்கள் மழைக்கு ஒதுங்கும் இடமாக இருந்தது. தன்னைப் போல ஒரு மண்டை காய்ந்தவன் திருச்சூர் ஜில்லாவிலேயே கிடையாது என்று தேவஸி கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். கண்ணாடி மறுக்கவில்லை.

கடைசியில் பங்குத்தந்தை ஜோப் அச்சனிடம் போய் அழுதார். அச்சன் பீடத்தில் நின்று ஒரு சட்டம் அறிவித்தார். இனி மாற்றம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் பொதுயோகத்தில், பங்கு முழுவதும் பார்க்க, எழுந்து நின்று கேட்க வேண்டும். அதனால் வேலை எவ்வளவு தள்ளிப்போகும், எது நின்றுபோகும் என்று தேவஸி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பிறகு கை தூக்கி முடிவு.

காதோடு காதாகக் கேட்கிற ஆசைகளை எழுந்து நின்று கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. வேலை பறந்தது. தேவஸியும் பறந்தார். மகள் டெல்ஃபிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நோன்புக் காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால், நோன்பு தொடங்குவதற்கு முந்தின திங்கள். தாம் கட்டிய மண்டபத்தில் நடக்கிற முதல் விருந்து தம் மகளுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கார்டில் மண்டபத்தின் பெயரை மணமக்கள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே அச்சடித்திருந்தார்.

ஒரு சாயங்காலம் மனைவி ரோஸிலியையும் டெல்ஃபியையும் அழைத்துப்போய் மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார். டெல்ஃபி மேடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பச்சா, நான் மந்திரகோடி எங்க மாத்துறது?"

கோயிலில் தாலி கட்டியதும் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற மந்திரகோடிச் சேலையை மணப்பெண் மாற்றிக்கொண்டுதான் விருந்துக்கு வர வேண்டும். பூப்பந்துக்கு இடம் விட்டார்கள், மீன் தொட்டிக்குக் கூரை போட்டார்கள். கல்யாண மண்டபத்தில் கல்யாணப் பெண்ணுக்கு ஒரு அறை வேண்டும் என்று பேரவையில் இருந்த அத்தனை ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டினவருக்கும் தோன்றவில்லை.

"மனுஷா, பொண்ணு பெத்தவர்தானே நீங்க?" என்றாள் ரோஸிலி.

ஞாயிற்றுக்கிழமை பொதுயோகத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்து நின்ற முதல் ஆள், சட்டம் கேட்டு வாங்கிய தேவஸிதான். ஊர் சிரித்தது. பொறிஞ்சுவுக்கு வாய் காதுவரை போனது.

"சொல்லு தேவஸியே, சின்ன மாத்தம்தானே?"

"மணப்பெண்ணுக்கு ஒரு அறை, குளியலறையோட."

"எவ்வளவு தள்ளிப்போகும்?"

அந்த வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! சொல்லிவிட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். பெண்கள் பக்கம் டெல்ஃபி உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் விழுங்கினார்.

"நோன்புக்கு முன்னாடி முடியாது."

"ஐயோ, அப்ப மோளோட விருந்து?"

"இங்க நடக்காது."

பொறிஞ்சு கெட்ட மனிதர் அல்ல. குரலைத் தணித்து, "அறையை அப்புறமா கட்டேன். மோளோட கல்யாணம் முதல்ல முடியட்டும்" என்றார்.

"குழாய் மேடைக்கு அடியில போகணும். இந்த வாரம் மேடைத் தளம் போடுறோம். போட்டுட்டா அப்புறம் நான் உடைக்க மாட்டேன், நீங்களும் விட மாட்டீங்க. அந்த அறை வரவே வராது."

கை தூக்கச் சொன்னார் அச்சன். பெண்கள் பக்கம் ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் தேவஸி மனசுக்குள் வேலைகளை எண்ணினார். கார்டு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி ஏறி இறங்க வேண்டும், பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட வேண்டும், குவைத்திலிருந்து லீவில் வரும் மாப்பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும். மகளுக்கு ஆறுதலாக எதையாவது சொல்லத் தேடினார் தேவஸி. அவரிடம் இருந்தது அந்த ஒரே வார்த்தை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது டெல்ஃபிதான் பேசினாள்.

"ஸ்கூல் ஆண்டுவிழா, பூரம், அம்மாமன் வீடு... கூட்டிட்டுப் போகச் சொன்னா எல்லாத்துக்கும் பாத்துக்கலாம்னுதான் சொன்னீங்க அப்பச்சா. நான் ஒவ்வொரு தடவையும் புது கவுன் போட்டுக்கிட்டு இதே படியில உக்காந்திருந்தேன். இருட்டினதும் அம்மச்சி வந்து உள்ள கூட்டிட்டுப் போவா."

தேவஸி ஒரு செருப்போடு நின்றார்.

"இன்னிக்கு முடியாதுன்னு சொன்னீங்க. எனக்கு அழுகை வரல. காத்துக்கிட்டு உக்கார வேண்டாம், எங்க போகணும்னு தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

அவள் உள்ளே போய்விட்டாள். அழுகை வந்தது தேவஸிக்குத்தான். அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.