தாளில் இல்லாத நாற்பத்தொரு பேர்

வெர்னா ஹால்ஸ்டெட்டும் நானும் பதினெட்டு வருஷம் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அயோவாவில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் மார்ஷ் க்ரோவ் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம் அது. வெர்னா கோப்புகளைப் பார்த்துக்கொள்வார். நான் தட்டச்சு செய்வேன்.

அந்தக் கல்லூரி ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கத்தான் முதலில் தொடங்கப்பட்டது. பன்றிப் பண்ணைக்காரர்களின் பெண்கள் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். வெர்னாவின் அம்மாவும் அப்படிப் போனவர்தான். கேட்டு வந்த யாரையும் அப்போது திருப்பி அனுப்பியதில்லை. பிறகு மாநில அரசு அதை இலக்கியம், தத்துவம், அறிவியல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக மாற்றியது. பணக்காரக் கல்லூரிகளின் படிப்பு அரசுக் கட்டணத்தில் கிடைக்க வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் சிகாகோவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வரத் தொடங்கியதும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கதவு குறுகிவிட்டது. அவர்களில் மதிப்பெண் குறைந்த கொஞ்சம் பேரை ஜூன் மாதமே வரவழைத்து, கோடை வகுப்பு நடத்தி, தேறியவர்களை ஆகஸ்டில் மற்றவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நாங்கள் ஒரு தாள் வெளியிடுவோம். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, நுழைவுத் தேர்வில் முப்பத்தாறுக்குச் சராசரி என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். புதிதாக வந்த இயக்குநர் ரசல் ஓக்லி ஒருநாள் வெர்னாவின் மேசையில் சாய்ந்துகொண்டு, "கோடைப் பசங்க ஜூன்லயே வந்துடறாங்க. ஆகஸ்ட் கணக்குல அவங்க எதுக்கு?" என்றார். வெர்னா அந்தப் பிள்ளைகளின் நாற்பத்தொரு மதிப்பெண் அட்டைகளை எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்தார். சராசரி இருபத்து நான்கிலிருந்து இருபத்தாறுக்கு ஏறியது. ஒரு பத்திரிகை எங்களுக்குத் தரவரிசையில் இடம் கொடுத்தது. உள்ளூர்ச் செய்தித்தாளில் வெர்னாவின் படம் வந்தது. ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

டார்லா பிக்கெட் கோடை வகுப்பு வழியாக வந்தவள். வெர்னா தேவாலயத்தில் அவளுடைய அம்மாவோடு சேர்ந்து பாடுவார். பார்வையாளர்களுக்குக் கல்லூரியைச் சுற்றிக்காட்டும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் தாளைக் கையில் பிடித்தபடி எங்கள் அறைக்கு வந்தாள்.

"மிஸ்ஸஸ் ஹால்ஸ்டெட், ஆகக் குறைஞ்ச மார்க்கு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நான் வாங்கினது பதினெட்டுதானே?"

"அச்சுல தப்பு வந்திருக்கும்" என்றார் வெர்னா, அவளைப் பார்க்காமலே.

"போன வருஷத் தாள்லயும் அப்படித்தான் இருக்கு." அவள் சத்தம் போடவில்லை. "இன்னிக்கு ஒரு அப்பா, 'உன் மார்க்கு என்னம்மா?'ன்னு கேட்டாரு. இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டேன். என் வாயாலயே."

அவள் போன பிறகு வெர்னாவின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்தில் பாட வரவில்லை.

திங்கட்கிழமை ஓக்லியிடம் போனார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"எல்லாக் காலேஜும் பண்றதுதான் வெர்னா. நாலு மார்க்கை மெத்தைக்கு அடியில தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான்."

"மெத்தைக்கு அடியில கிடக்கிறது டார்லா பிக்கெட், ரசல்."

அந்த வாரம் முழுவதும் ஆறு வருஷத்து அட்டைகளையும் எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். பேராசிரியர்கள் கூட்டத்தில் எழுந்து நின்றார். "அட்டைகளை எடுத்து வெச்சது நான்தான். தப்புன்னு தெரிஞ்சேதான் வெச்சேன்" என்று சொல்லிவிட்டு உண்மையான எண்களைப் படித்தார். வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. ஓக்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளை ஆறு தடவை தட்டச்சு செய்தவள் நான். நானும் எழுந்திருக்கவில்லை.

திருத்திய தாள் வெளிவந்தது. பத்திரிகை எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஓக்லி இன்னும் பெரிய கல்லூரி ஒன்றில் இன்னும் பெரிய பதவிக்குப் போனார். வெர்னாவைக் கார் நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள்.

அவர் ருபார்ப் பை என்கிற புளிப்பும் இனிப்புமான பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு பிக்கெட் வீட்டுக்குப் போனார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். டார்லா கம்பிவலைக் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன்."

"முன்னாடி நாங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது" என்றாள் டார்லா. "இப்ப சராசரியைக் கீழ இழுத்தது யாருன்னு காலேஜுக்கே தெரியும். கிளாஸ்ல எங்களுக்குப் பதினெட்டுன்னே பேரு வெச்சிருக்காங்க."

டார்லா தட்டை வாங்கிக்கொண்டாள். "அம்மாகிட்ட கொடுத்துடறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும் வழியில் வெர்னா, "நிம்மதியா இருக்கும்னு நினைச்சுத்தான் பண்ணினேன்" என்றார். "யாரோட நிம்மதிக்குன்னு யோசிக்கவே இல்ல."

டார்லா படிப்பை முடித்தாள், உயிரியலில். பட்டமளிப்பு நாளில் வெர்னா அரங்கின் கடைசி வரிசையில் நின்று கைதட்டிவிட்டு, அவள் கீழே இறங்குவதற்குள் கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற என்னிடம் அவர் ஒருமுறைகூட, நீ ஏன் அன்று கூட்டத்தில் எழுந்திருக்கவில்லை என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.