சிங்கத்தின் பின்னங்கால்கள்

ஒன்பது வயதில் நான் ஒரு சிங்கத்தின் பின்பாதியாக இருந்தேன்.

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் பாடசாலைக் கட்டடத்தைச் சனிக்கிழமைகளில் இரண்டு கூட்டத்தார் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேல்மாடியில் தமிழ் வகுப்பு, கீழே உடற்பயிற்சி மண்டபத்தில் சீனர் சங்கம். மேலே அம்மா எங்களுக்கு வல்லினம் எங்கே மிகும் என்று விளக்கும்போது கீழே முரசு அதிரும். இரண்டில் முரசுதான் எனக்கு விளங்கும்.

என் உயிர்த்தோழி கீழே இருந்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளைச் சீனாவிலிருந்து ஒரு நோர்வேஜியத் தம்பதியர் தத்தெடுத்து வந்திருந்தார்கள். அவளுக்கு ஒரு சீனச் சொல்லும் தெரியாது. அவளைத் தவறாமல் அங்கே கூட்டிவருபவர் அவளுடைய நோர்வேஜிய அம்மாதான். பின்வரிசையில் தனியாக இருந்து கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்.

சீனப் புத்தாண்டு விழாவன்று அவள் மூச்சிரைக்க எங்கள் வகுப்புக்குள் ஓடிவந்தாள். சிங்க நடனத்தில் அவள் தலை. வாலாக ஆட வேண்டிய பையன் வாசலில் பனியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டானாம்.

"நீ பரதம் ஆடுறாய்தானே. காலை மடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரமும் நிப்பாய். வா," என்றாள் நோர்வேஜிய மொழியில்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஓம், போ. கெதியாப் போ," என்றார் அம்மா. பிறகு கரும்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாரும் வாங்கோ, நாங்களும் பாப்பம்," என்று வகுப்பையே கீழே இறக்கிவிட்டார்.

சிங்கத்துக்குள் ஒரே இருட்டு, ஒரே வியர்வை. தோழியின் இடுப்புப் பட்டியைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. அவள் குதித்தால் நானும் குதித்தேன். முரசு என் வயிற்றுக்குள்ளேயே அடிப்பது போலிருந்தது. மேலே கயிற்றில் ஒரு சலாட் இலைக் கட்டு தொங்கியது. சிங்கம் அதைக் கவ்வித் தின்று இலைகளைச் சபையில் துப்பினால்தான் அந்த ஆண்டு செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வால் தூக்கினால்தான் தலைக்கு எட்டும்.

முதல் முறை தூக்கினேன், எட்டவில்லை. இரண்டாம் முறை அவள் பட்டியை இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்," என்று கத்தினாள்.

எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது, அவளை என் தோளுக்கு மேலே தூக்கிவிட்டேன். மண்டபம் அதிர்ந்தது. இலைகள் மழை போலக் கொட்டின.

தோலைக் கழற்றி வெளியே வந்தபோது முரசடித்த பெண்மணி, சங்கத்தின் தலைவி, தோழியின் கன்னங்களை இரு கைகளாலும் பிடித்து ஒரு பெயர் சொல்லி அழைத்தார். நான் அதுவரை கேட்டிராத பெயர். சீனாவிலிருந்து வரும்போது அவளுக்கு இருந்த பெயர் அது என்று பின்னாளில்தான் அறிந்தேன். அவள் முகமெல்லாம் மலர, "ஆம்" என்பது போலத் தலையாட்டினாள்.

பின்வரிசையில் அவளுடைய அம்மா, படம் பிடித்துக்கொண்டிருந்த கைபேசியை மெல்லத் தாழ்த்தினார். கண்கள் சிவந்திருந்தன. எங்கள் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

கைபேசியில் பற்றரி தீர்ந்துவிட்டது, அதுதான் கவலை என்று நினைத்தேன். நான் தூக்கிய இடம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க அவர்களிடம் ஓடினேன்.