ரெஜினால்ட் பிடித்துப் போட்ட எண்

மலேசியாவில், மெர்லிமா ஊரின் டயாலிசிஸ் நிலையத்துக்கு கணினி இணைப்பு போட்டவர் ரெஜினால்ட். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும்; கட்டடத்துக்குள் யாரும் புழங்கலாம் என்று ஒதுக்கிய எண்கள் உண்டு. கார் நம்பரையே கூட்டிப் பார்த்து வாங்கும் ஊர் இது. அவர் ஒதுக்கியவற்றை விட்டுவிட்டு, கூட்டினால் ஒன்பது வரும் எண்களைப் பிடித்துப் போட்டார். அவை வெளிநாட்டில் யாருக்கோ சொந்தம். "அவன் எங்க லா இங்க வரப்போறான்?" என்றார்.

அவன் வரவில்லை. பல வருஷம் கழித்து அந்த எண்கள் கைமாறி, உறுப்பு தான அலுவலகத்தின் கணினிக்கு வந்தன.

ஒரு காலை, நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மங்களத்துக்குச் சிறுநீரகம் கிடைக்கும்போல் இருந்தது. அவருடைய ரத்த விவரம் மதியத்துக்குள் உறுப்பு தான அலுவலகத்துக்குப் போய்ச் சேரவேண்டும்.

"அங்கிள், எட்டு மணிலேர்ந்து அனுப்புறேன், போகவே மாட்டேங்குது," என்று தாதி ஜோனிட்டா போன் செய்தாள்.

ரெஜினால்ட் வந்து கேபிளையெல்லாம் பிடுங்கிச் செருகினார். பிறகுதான் அலுவலகத்தின் முகவரி எண்ணைப் பார்த்தார்; அவர் பிடித்துப் போட்ட எண்களில் ஒன்று. நிலையத்துக் கணினிகள் அந்த எண்ணைக் கட்டடத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தன. வெளியே போகவே இல்லை. தன் கைப்பேசி வழியாக அனுப்பியபோது மணி ஒன்று. சிறுநீரகம் வேறொருவருக்குப் போய்விட்டது.

"லைன் கோளாறா தம்பி?" என்று மங்களம் கேட்டார்.

"லைன் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. தப்பு என்னோடது," என்றார் ரெஜினால்ட்.

மங்களம் அன்றைய டயாலிசிஸ் ஊசிக்காகக் கையை நீட்டினார்.