மிச்சப் பாதி

மூதூர்ப் படகுக்காக இறங்குதுறையில் காத்திருந்தபோது என் அணியில் சேர்ந்து கைபேசியில் கேம் விளையாடியவர் அவர். உப்பில் வெளுத்த தலைமயிர். மூச்சடக்கிச் சங்கு குளிப்பதுதான் தொழில் என்றார். அன்றுதான் ஒரு புதிய கேரக்டரைப் பழகத் தொடங்கியிருந்தார்: நீருக்குள் மறைந்திருந்து தாக்கும் பெண். அவள் மூழ்கும்போதெல்லாம் இவரும் மூச்சை அடக்கிக்கொள்வார்.

இரண்டு ஆட்டம் தோற்றோம். திரையில் அவளுக்கு மிஞ்சிய காற்றைக் காட்டும் கோடு பாதியாகும்போதே அவளை மேலே கொண்டுவந்து எதிரியிடம் அகப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்று தோற்றால் என் ராங்க் இறங்கிவிடும்.

"பாதி கிடக்குதே, அண்ணை! ஏன் ஏறினனீங்கள்?"

"மிச்சப் பாதி மேல வாறதுக்கு, தங்கச்சி."

"இது கேம். முடியுமட்டும் உள்ளயே இருங்கோ."

மூன்றாவது ஆட்டத்தில் நாங்கள் இருவரே மிஞ்சினோம். அவள் மூழ்கினாள். கோடு பாதியைத் தாண்டிச் சிவந்தது. அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்தன. "இருங்கோ, இருங்கோ" என்றேன். கோடு முடியும் கணத்தில் பாய்ந்து எதிரியை வீழ்த்தினாள்.

அவர் மூச்சிரைக்கக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"இனி இவளை எடுக்கமாட்டன்."

"வெண்டிட்டமே, அண்ணை!"

"ஓம். அதுதான் பயம். நாளைக்கு நான் கடலில இறங்கோணும்."

மூதூர் வரும்வரை என் "இருங்கோ" எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் கடலடியில் அவருக்கும் அது கேட்டிருக்குமோ?