எல்லை தாண்டிய மிதவை

விடுமுறைக்கு வந்த அன்றே அப்பாவுக்குத் துருவக் கடல்களைப் பற்றிச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் படிக்கக் கம்பஸ் போன முதல் ஆள் நான்; படித்ததைச் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியாது. உறைபனியில் மிதவைகளை விட்டுவிடுகிறார்கள். அவை பனியோடு இழுபட்டுப் போகும், பனி உருகினால் நீரில் மிதக்கும். கடலின் வெப்பத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் வானத்தில் சுற்றும் செய்மதிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். பூமி சூடாவதை அப்படியும் அளக்கிறார்கள் என்றேன்.

"தன்ரபாட்டிலயோ போகுது?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

"சென்றியில ஆமிக்காரர் ஆரும் மறிக்கிறேல்லையோ? அதுக்கு ஆர் பாஸ் குடுத்தது?"

குசினிக்குள் அம்மா சிரித்தா.

மறுநாள் காலை எங்கள் மிதவையும் பாஸ் இல்லாமல் போயிருந்தது. சிவப்புத் துணி கட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் கான் அது. அதன் கீழே, கல் கட்டிய வலை. இரவு நீரோட்டம் எல்லாவற்றையும் ஆமி போட்ட மீன்பிடி எல்லைக்கு அப்பால் இழுத்துவிட்டது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிறது. ஆனால் தோணியில் போனால் சுடுவார்கள். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வலைதான். அது போனால் வீட்டில் சோறும் இல்லை, எனக்குக் கம்பசும் இல்லை.

"நீ படிச்சனியெல்லோ பிள்ளை, போய்க் கதை," என்றார் அப்பா.

காவலரண் அதிகாரியிடம் ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் கதைத்தேன். அது வலையின் மிதவை, அது போனால் வலையைத் தேடிப் பிடிக்க முடியாது, உங்கள் ஆள் ஒருவரையே அப்பாவோடு தோணியில் அனுப்புங்கள் என்றேன். கடைசிவரை கேட்டார். உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது, எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு சிப்பாயின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சில வெடிகள். கான் சிதறிப்போனது. அடையாளம் தெரியாத பொருள் கடலில் மிதக்கக் கூடாது என்றார், அதே மரியாதையோடு.

அடையாளம் தெரியாத பொருளாம்! பனிக்கடலில் ஆளே இல்லாத ஒரு மிதவை சொல்வதைக் கேட்க வானத்தில் செய்மதி வைத்திருக்கிறார்கள். இங்கே மிதவைக்கு உரியவரின் மகள் முன்னால் நின்று, அதிகாரிக்கு விளங்கும் மொழியிலேயே சொன்னாள். கேட்டுவிட்டுச் சுட்டார்.

கம்பி வேலிக்கு வெளியே அப்பா நின்றார். வெடிச்சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"என்னவாம் பிள்ளை?"

"என்ர இங்கிலீஸ் நல்லாயிருக்காம்," என்றேன்.