நடுவிலிருந்து வெளியே

எஞ்சின் ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். வேலையை இடையில் நிறுத்தக் கூடாது. வேனோடு வந்த கைநூல் அப்படித்தான் சொல்கிறது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் ஊர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வேனில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு எரிந்து, தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. திங்கட்கிழமை மனைவியைக் கண் ஆபரேஷனுக்கு மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே நானும் அவளுடைய தம்பியும் வாசலில் வைத்தே புதுக் கேஸ்கட் போட்டோம். இரண்டாம் சுற்றின் நடுவில் பாங்கு கேட்டது. இருவரும் பள்ளிவாசலுக்குத் தொழப் போனோம். மச்சான் எனக்கு முந்தித் திரும்பிவிட்டார்.

"ரெண்டு போல்ட்ட இறுக்கி வெச்சிட்டன் மச்சான்."

"எந்த ரெண்டு?"

"லூசா இரிந்த ரெண்டு."

"எல்லாமே லூசாத்தானே இரிந்த?"

"அப்ப மூணாயிரிக்கும்."

மனைவி யன்னலால் எட்டிப் பார்த்தாள். "இஞ்சருங்க, நான் பஸ்ஸில போறன்."

ஒருமுறை அமுங்கிய கேஸ்கட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கலாமா என்று வேன் கம்பனிக்கு எழுதிக் கேட்டேன். சந்தேகமென்றால் கம்பனியைக் கேட்பதுதான் நடைமுறை. திங்கள் நெருங்கியும் பதில் வரவில்லை. எந்தப் போல்ட் எந்தச் சுற்றில் நிற்கிறது என்று தெரியாமலே மூன்றாம் சுற்றை முடித்தேன். திங்கட்கிழமை வேன் அவளையும் ஏற்றிக்கொண்டு ஒரு துளி புகையும் இல்லாமல் மட்டக்களப்புக்குப் போய்வந்தது. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கம்பனியின் பதிலை மனைவிதான் புதுக் கண்ணால் வாசித்துக் காட்டினாள். கைநூலைப் பார்க்கட்டுமாம். அது வந்து சேர்வதற்குள் ஹஜ்ஜுப் பெருநாளே வந்துவிட்டது.